ஆரஞ்சு விளக்கு எரிந்தால்

என் தொழிலில் முதல் பாடம் காத்திருப்பது. எதிரில் இருப்பவர் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் அதை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது, தலையை ஆட்டி அவசரப்படுத்தக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, அவரே சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். திக்கிப் பேசுகிறவர்களுக்குப் பதினாறு வருடமாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஆஸ்பத்திரியில் என்னைப் பொறுமையின் சிகரம் என்பார்கள். என் வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

அப்படிப்பட்ட என்னை ஒரு ரவுட்டர் இரண்டே மாதத்தில் பத்ரகாளியாக்கிவிட்டது.

இப்போதெல்லாம் நான் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். எங்கள் படுக்கையறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஜன்னலைப் பார்த்தபடி மேசை, மேசையில் லேப்டாப். முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி, அதன் இரண்டாவது தட்டில் ரவுட்டர், அதற்குக் கீழே சுவரில் சுவிட்ச். வயர் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது, அதனால் அதை வேறெங்கும் வைக்க வழியில்லை. வீடியோவில் பேசும்போது திரையின் மூலையில் நம் படமும் ஒரு சின்னக் கட்டத்தில் தெரியும் அல்லவா, அதை நான் மறைத்துவிடுவேன். என் மூக்கை நானே பார்த்துக்கொண்டிருந்தால் எதிராளி சொல்வது காதில் ஏறாது. காதில் ஹெட்போன், கதவு சாத்தியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் உலகத்தில் நானும் அவரும் மட்டும்தான்.

மற்றவர்களுக்கு நெட் நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். என் வேலையில் அதுதான் சிக்கல். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்கிறார் என்றால், அவர் சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறாரா, படம் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு முகத்தில் புன்னகையோடு காத்திருப்பேன். ஒரு முறை வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்காக முழுசாக மூன்று நிமிடம் காத்திருந்தேன். நெட் எப்போதோ செத்துப்போயிருக்கிறது, அவள் எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கொத்தனார் வந்தார்.

நாற்பது வயது இருக்கும். பெரிய கட்டடம் ஒன்றில் வேலை. திங்களும் வியாழனும் பதினோரு மணிக்கு அவர்களுக்கு அரை மணி நேர டீ இடைவேளை. அந்த நேரத்தில் கதவு ஜன்னல் வைக்காத நாலாவது மாடி அறை ஒன்றில், சிமென்ட் மூட்டைமேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு என்னோடு பேசுவார். அவருக்குக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான்.

முதல் நாளே தன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மேஸ்திரி வேலைக்கு இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டு முறையும் ஏதோ சாக்கு சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறார். மேஸ்திரி என்றால் காலையில் நாற்பது பேரை நிறுத்தி வைத்து அன்றைய வேலையையும் பாதுகாப்பு விதிகளையும் சொல்ல வேண்டும். அதுகூட அவருக்குப் பெரிய பயம் இல்லை.

"எவ... எவனாவது சாரத்துக்கு அடியில நின்னு, மே... மேல இருந்து ஒரு செங்கல் வருதுன்னு வைங்க மேடம். நா... நான் 'நகரு'ன்னு சொல்லணும். அந்த நேரம் எனக்கு வா... வார்த்தை வரலன்னா?"

கத்திச் சொல்லும்போது பலருக்குத் திக்காது, அது வேறு விதமாக வரும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. ஆனால் மூன்றாவது முறை கூப்பிட்டபோது துணிந்து சரி என்று சொல்லிவிட்டார். நாள் குறித்துவிட்டார்கள், ஒரு திங்கட்கிழமை. அந்தத் திங்கட்கிழமை காலை அவர்தான் நாற்பது பேர் முன்னால் பேச வேண்டும்.

அவரிடம் நான் ஒரே ஒரு கட்டளை போட்டேன். "எனக்கு மெசேஜ் அனுப்பாதீங்க. என்ன சொல்லணும்னாலும் வாயாலயே சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் காத்திருப்பேன்." அதுவரை அவர் யாரிடமும் போனில் பேசியதே இல்லை. மனைவியிடம்கூட எழுத்தில்தான் பேச்சு. அதனால்தான் அப்படிச் சொன்னேன். அந்தக் கட்டளை என் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது தெரியவில்லை.

ரவுட்டருக்கு வருவோம்.

பழைய ரவுட்டர் உண்மையிலேயே கெட்டுத்தான் போயிருந்தது, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். தொட்டால் சூடேறிய இஸ்திரிப்பெட்டி மாதிரி சுடும். அதன் நெற்றியில் ஒரு விளக்கு. பச்சையாக இருந்தால் நலம். ஆரஞ்சாக மாறினால் ஐந்து நிமிடத்தில் படுத்துவிடும், எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆகும். இந்த ஆரஞ்சு ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர்தான்.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். மதியம் ஷிஃப்ட், ஒரு மணிக்குக் கிளம்புவார். இருபத்தேழு வருடமாக டீசலோடு குடித்தனம். ஒரு டிரைவர் டேஷ்போர்டில் லைட் எரிவதைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டு வந்து என்ஜினையே பழுதாக்கியதும், அதைப் பிரித்து மேய இவருக்குப் பதினோரு நாள் ஆனதும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வாரம் ஒரு முறை பரிமாறப்படும் கதை. கதை எப்போதும் ஒரே இடத்தில்தான் முடியும்.

"லைட்டு எரிஞ்சா வண்டிய ஓரங்கட்டு. மொதல்ல ஆஃப் பண்ணு. அப்புறமா யோசி. யோசிச்சுட்டு ஆஃப் பண்ணலாம்னு நெனச்ச, போச்சு."

ரவுட்டருக்கும் அவர்தான் டாக்டர். முதலில் வயரை மாற்றினார். பிறகு அடாப்டரை மாற்றினார். பிறகு ரவுட்டரைச் சுற்றியிருந்த என் புத்தகங்களையெல்லாம் அப்புறப்படுத்தி, காற்றோட்டம் வேண்டும் என்று ஒரு சின்ன மேசை விசிறியை அதற்கு வைத்தார். வெயில் காலத்தில் எனக்கு வைக்காத விசிறி. கடைசியில் பொறுக்க முடியாமல் அதைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, மறுபடியும் பூட்டினார். கழற்றியது நாலு ஸ்க்ரூ, பூட்டியது மூன்று. நாலாவது எங்கே என்று கேட்டதற்கு, "அது சும்மா அழகுக்கு வச்சது" என்றார்.

அந்த நாட்களில்தான் ஒரு சம்பவம் நடந்தது. நான் அந்த வங்கிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறேன், அவள் முதல் முறையாகத் தன் மேலாளரைப் பற்றி மனம்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். படாரென்று கதவைத் திறந்துகொண்டு பனியனோடு உள்ளே வந்து நின்றார் என் வீட்டுக்காரர். "ஆரஞ்சு! ஆரஞ்சு!" என்று கத்தினார். அந்தப் பெண் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மூன்று வாரம் அவள் மேலாளர் பேச்சையே எடுக்கவில்லை.

அன்று நான் ஆடிய ஆட்டம் எனக்கே நினைவிருக்கிறது. "என்கிட்ட வர்றவங்க என்னை நம்பிப் பேசறாங்க. கதவு சாத்தியிருந்தா உள்ள வரக் கூடாது. வீடே இடிஞ்சு விழுந்தாலும் வரக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார் அவர், பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு.

அந்த வாரமே புது ரவுட்டர் வாங்கிவிட்டோம். கறுப்பு நிறம், நாலு கொம்பு, பார்க்கவே மிரட்டலாக இருந்தது. கடைக்காரர், "இத வச்சா வீடு முழுக்க மட்டுமில்ல, தெரு முழுக்க வரும்" என்றார். எங்களுக்குத் தெருவெல்லாம் வேண்டாம், அலமாரியிலிருந்து மேசைவரை வந்தால் போதும் என்றேன். வீட்டுக்காரர் நல்ல பிள்ளையாக அதைப் பொருத்தினார். நானும் கவலை விட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன். நல்ல சகுனமாக, பல வருடமாக நான் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்த என் அறைக் கதவின் கீச்சுச் சத்தத்துக்கும் அவர் தானாகவே எண்ணெய் போட்டார். மனுஷன் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கொத்தனார் வந்தார். இருபது நிமிடம் பேசியிருப்போம். திடீரென்று அவர் முகம் மாறியது. என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தார்.

"மே... மேடம், உ... உ... உ..."

நான் புன்னகையோடு காத்திருந்தேன். "உ" என்று குவிந்த உதட்டோடு அவர் அப்படியே நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். திரும்பிப் பார்த்தால் புது ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாக மறுபடி எரிய ஆரம்பித்திருந்தன.

எனக்கு வந்த கோபத்தில் அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். வெளியே வந்து, "புதுசும் புட்டுக்கிச்சு" என்றேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்து, "ரெண்டே நிமிஷத்துல திரும்ப வந்துடுச்சில்ல? பழசுன்னா கால் மணி நேரம் படுத்திருக்கும்" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. புது ரவுட்டருக்காகப் பெருமைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறையும் போனது. அதற்கடுத்த முறையும் போனது. காலையில் பேசிய எல்லோரோடும் போனது. ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். திங்கள் பதினொன்று இருபது. செவ்வாய் பத்தே கால். வியாழன் பதினொன்று பதினெட்டு. மதியம் ஒரு மணிக்குப் பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. அதைப் பார்த்துவிட்டு நான் என்னென்னவோ கற்பனை செய்தேன். காலை வெயில் ஜன்னல் வழியாக நேராக அலமாரியில் விழுகிறது, அதனால் சூடாகிறது என்று திரைச்சீலை வாங்கிப் போட்டேன். அந்த நேரத்தில்தான் எல்லோர் வீட்டிலும் மோட்டார் போடுகிறார்கள், அதனால் கரன்ட் இறங்குகிறது என்றேன். முடிந்தவரை எல்லோரையும் மதியத்துக்கு மாற்றினேன். கொத்தனாரை மட்டும் மாற்ற முடியவில்லை, டீ இடைவேளையை நான் எங்கே போய் மாற்றுவது?

ரவுட்டரைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைத் தன் மேசையில் வைத்து, ஒரு பகல் முழுக்க இரண்டு கம்ப்யூட்டரில் படம் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு நொடிகூட நிற்கவில்லை. "இது சொக்கத் தங்கம் மேடம். உங்க வீட்டுல வேற ஏதோ இருக்கு" என்றார். எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது.

இணையக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள். குரல் தேனாக இருந்தது.

"மேடம், உங்க லைன் கட் ஆகவே இல்லயே. உங்க ரவுட்டருக்கு வர்ற கரன்ட்தான் கட் ஆகுது. யாரோ சுவிட்ச ஆஃப் பண்ணி, முப்பது எண்ணிட்டு ஆன் பண்ற மாதிரி இருக்கு."

"நான் வேலை செய்யறப்போ என் ரூமுக்குள்ள ஈ காக்கா நுழையாதும்மா" என்றேன், கொஞ்சம் திமிராகவே.

"இல்ல மேடம், நான் என்ன சொல்றேன்னா, வீட்டுல வேற யாராவது..."

"நீ என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியும். பிளக்ல ஏதோ லூசா இருக்கு, அதானே? சரி, பாத்துக்கறேன்." வைத்துவிட்டேன். அடுத்தவர் வாக்கியத்தை முடிக்கவே கூடாது என்று பதினாறு வருடமாகப் பாடம் நடத்துகிறவள் நான்.

வீட்டுக்காரரிடம், "பிளக்ல ஏதோ லூசாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் உற்சாகமாக டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, சுவரிலிருந்த சுவிட்ச் பலகையையே புதிதாக மாற்றினார். "இப்போ பாரு, சும்மா வெண்ணெய் மாதிரி வேலை செய்யும்" என்று இரண்டு முறை போட்டுக் காட்டினார். சத்தமே இல்லாத சுவிட்ச்.

கொத்தனாரோ ஒவ்வொரு தடவையும் அதே "உ"வில் மாட்டிக்கொண்டிருந்தார். "உ... உங்க..." என்று ஆரம்பிப்பார், படம் நின்றுவிடும். நெட் இரண்டு நிமிடத்தில் வந்தாலும், மறுபடி அழைத்து அவர் போனில் சிக்னல் கிடைப்பதற்குள் டீ நேரம் முடிந்துவிடும். அடுத்த முறை வந்ததும் அவர் வாயைத் திறப்பதற்குள் நானே ஆரம்பித்துவிடுவேன். "போன தடவ நேரம் வீணாப் போச்சு, மன்னிச்சுக்கோங்க, நேரா பயிற்சிக்குப் போயிடலாம்." அவரும் மரியாதைக்காரர், சரி என்று பயிற்சிக்கு வந்துவிடுவார். எனக்கோ வேறு கவலை. இவருக்கு "உ"வில் இவ்வளவு சிக்கல் இருந்ததே இல்லையே, நாள் நெருங்க நெருங்க மோசமாகிறதே. உகரத்தில் தொடங்கும் சொற்களாகப் பொறுக்கி எடுத்து அவருக்கென்று தனியாக ஒரு பயிற்சித் தாளே தயாரித்தேன். உரல், உப்பு, உழவு, உலகம். பாவம், அதையும் வாங்கிப் படித்தார்.

கடைசி வியாழக்கிழமை வந்தது. திங்களன்று அவர் பேச வேண்டும். இன்று நெட் போனால் அவர் ஒரு தடவைகூட முழுப் பேச்சையும் சொல்லிப் பார்க்காமல் போய் நிற்க வேண்டியதுதான். என் சந்தேகப் பட்டியலில் ரவுட்டர், வயர், வெயில், சுவிட்ச் எல்லாவற்றையும் அடித்தாகிவிட்டது. மிச்சமிருந்தது என் ஹெட்போன் ஒன்றுதான். அதுவும் காற்றில் சிக்னல் அனுப்புகிற சாதனமாயிற்றே, அதுதான் ரவுட்டரோடு முட்டிக்கொள்கிறதோ என்னவோ. அதைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். லேப்டாப்பின் சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்தேன்.

கொத்தனார் நாலாவது மாடியில் விறைப்பாக நின்றிருந்தார். தலையில் மஞ்சள் தலைக்கவசம். நிஜமாகவே நாற்பது பேர் முன்னால் நிற்பதுபோல் ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் வ... வணக்கம். தலைக்கவசம் இல்லாம யா... யாரும் உள்ள வரக் கூடாது. சா... சாரத்துக்கு அடியில யாரும் நிக்கக் கூடாது. மே... மே... மேல இருந்து எதையும் தூக்கிப் போடக் கூடாது."

அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. திக்கினார், திக்கியபோது ஓடி ஒளியவில்லை, நின்று அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். எனக்குப் பெருமையில் கண் கலங்கியது. பதினெட்டு நிமிடம் ஆகியிருக்கும். அப்போது அவர் பார்வை என் தோளுக்குப் பின்னால் போனது. உதடு குவிந்தது.

"உ..."

போச்சு, என்று நினைத்தேன். இருந்தாலும் வழக்கம்போல முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கண் விரிந்தது. கை தானாக மேலே எழுந்தது.

"கைய எடுங்க சார்!"

லேப்டாப் அதிர்ந்தது. அலமாரியும் அதிர்ந்தது. எனக்குப் பின்னால் "அம்மா!" என்று ஒரு அலறல், தொடர்ந்து மண்டை மரத்தில் மோதும் சத்தம், தொடர்ந்து என் தடிமனான அகராதி தரையில் விழும் சத்தம். நாற்காலியோடு சுழன்று திரும்பினேன்.

தரையில் நாலு காலில், தலையைத் தேய்த்துக்கொண்டு, ஒரு கை இன்னும் சுவிட்ச் பக்கம் நீண்டபடி, என் வீட்டுக்காரர். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க இங்க?"

"நான் எதையும் பாக்கல. கண்ண மூடிக்கிட்டுத்தான் வந்தேன்."

"அதைக் கேக்கல. சுவிட்சுல எதுக்குக் கை?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து ரவுட்டரைக் காட்டினார். "ஆரஞ்சு எரியுது பாரு. கூடத்துல இருந்து கதவுக் கண்ணாடி வழியா நல்லாத் தெரியும். படுக்கப் போகுது. அது தானா படுத்தா கால் மணி நேரம். நாமளே ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ரெண்டு நிமிஷம். நீதான் உள்ள வரக் கூடாதுன்னுட்ட. அதான் உனக்குத் தொந்தரவு இல்லாம..."

எண்ணெய் போட்ட கதவு. சத்தமில்லாத சுவிட்ச். மதியம் ஒரு மணிக்குப் பிறகு தங்கமாக வேலை செய்யும் ரவுட்டர். எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கியது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போது லேப்டாப்பிலிருந்து ஒரு இருமல் கேட்டது. கொத்தனார் இன்னும் அங்கேதான் இருந்தார். கட் ஆகவில்லை.

"மே... மேடம்," என்றார். "நான் சொ... சொல்லலாமா?"

"சொல்லுங்க" என்றேன். நானும் காத்திருந்தேன், தரையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரும் காத்திருந்தார்.

கொத்தனார் சொல்லி முடிக்க நாலு நிமிடம் ஆனது. புது ரவுட்டர் வந்ததிலிருந்து ஐந்து தடவை பார்த்திருக்கிறார். முதலில் கதவு தானாகத் திறக்கும். ஆள் தெரியாது. பிறகு என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு முதுகு நகரும். அடுத்து ஒரு கை மட்டும் நீளும். உடனே படம் நின்றுவிடும். "உங்க பின்னால ஒரு கை" என்று சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் முயற்சி செய்திருக்கிறார். மெசேஜ் அனுப்பக் கூடாது என்று நான் கட்டளை போட்டிருந்தேனே, அதனால் அனுப்பவில்லை. உரல், உப்பு, உழவு என்று நான் கொடுத்த தாளையும் அதற்காகவே தினமும் படித்தாராம்.

"அந்த ஆ... ஆரஞ்சு லைட்டு எங்க வீட்டுலயும் இருக்கு சார்," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "இந்த மாடல்ல அது கோ... கோளாறு இல்ல. வீடியோ கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினா எரியும். நல்லா வே... வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

வீட்டுக்காரர் பேய் முழி முழித்தார். "அப்போ நான் நல்லா ஓடற வண்டியவா தெனமும் ஓரங்கட்டுனேன்?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. நாலாவது மாடியில் அவரும் தலைக்கவசம் குலுங்கச் சிரித்தார். வீட்டுக்காரர் அசடு வழிந்தபடி அகராதியை எடுத்துத் தூசி தட்டினார்.

சிரித்து ஓய்ந்ததும் கொத்தனார் இன்னொன்று சொன்னார். இரண்டாவது தடவை நெட் நின்றபோது, அவருடைய போனில் என் படம் மட்டும் அப்படியே நின்றிருக்கிறது. தலையைச் சாய்த்து, புன்னகையோடு, காத்திருக்கிற முகம். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, கையைப் பற்றி, கதவைப் பற்றி, எல்லாவற்றையும் முழுசாகச் சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்த பிறகுதான் படம் கறுத்துப்போனது.

"அ... அன்னைக்கு ரொம்பத் திக்கல மேடம். நீங்க அவ்வளவு பொ... பொறுமையா கேட்டீங்க."

இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை நின்றுபோன படம் கேட்டிருக்கிறது, நான் கேட்கவில்லை. அந்தக் கம்பெனிப் பெண் சொன்னதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். "தப்பு என் பேர்ல. உங்கள பேச விட்டிருந்தா மூணு வாரம் முன்னாடியே முடிஞ்சிருக்கும்."

"ப... பரவால்ல மேடம்" என்றார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். "அது வ... வந்துடுச்சில்ல மேடம்? 'கைய எடுங்க'ன்னது?"

"வந்துடுச்சு" என்றேன்.

டீ நேரம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. கொத்தனார் பேச்சை முதலிலிருந்து ஒரு முறை முழுசாகச் சொல்லத் தயாரானார். என் வீட்டுக்காரர் வெளியே போகிறேன் என்று எழுந்தார். அவர்தான் தடுத்தார்.

"சார் இ... இருக்கட்டும். நாப்பது பேருக்குப் பதிலா ஒ... ஒருத்தராவது நிக்கட்டும்."

என் வீட்டுக்காரர் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பில் வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி நின்று, எல்லா விதிகளையும் கேட்டார். சாரத்துக்கு அடியில் நிற்கக் கூடாது என்று வந்தபோது, தலையைத் தடவிக்கொண்டு பலமாக ஆமோதித்தார்.

அன்று ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் கறுப்பு டேப்பில் ஒரு சின்னத் துண்டு கிழித்து, ரவுட்டரின் நெற்றியில் அவர் கையாலேயே ஒட்டினார். "பாத்தா கை சும்மா இருக்காது" என்றார். இருபத்தேழு வருடப் பழக்கம், உடனே போய்விடுமா என்ன.

திங்கட்கிழமை காலை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. எட்டு மணிக்குக் கொத்தனார் பேச வேண்டும். எட்டரை ஆனது, ஒன்பது ஆனது. குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் அறைக்கும் நடந்தேன். வீட்டுக்காரர் பேப்பரைப் பிடித்தபடி ஒரே பக்கத்தை அரை மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். மெசேஜ் அனுப்பக் கூடாது என்று சொல்லித் தொலைத்திருக்கிறேனே, இன்றைக்கு மட்டும் அனுப்பலாம் என்றாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒன்பது பத்துக்கு என் போன் அடித்தது. கொத்தனார் எண். எனக்கு அவர் போன் செய்வது இதுதான் முதல் தடவை. எடுத்துக் காதில் வைத்தேன்.

"சொல்லுங்க" என்றேன்.

பதில் இல்லை. சத்தமே இல்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, கட் ஆகிவிட்டதா என்று கையால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். எனக்கே நிச்சயமில்லை, இருந்தாலும் போனை வைக்கவில்லை. வீட்டுக்காரர் கண் ஒரு தடவை என் அறைக் கதவுப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவரும் என்னோடு நின்றார். இருவரும் காத்திருந்தோம்.

தூரத்தில் எங்கேயோ சிமென்ட் கலக்கும் இயந்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மூச்சு.

"மே... மே... மே..."

மேடம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நான் முடித்துக் கொடுக்கவில்லை.

"மேஸ்திரி பேசறேன்" என்றார்.